பின்னாடி தகரக் கொட்டகைக்கு கரண்ட் இழுக்கணும், உப்புக்காத்து ஊர்ல எப்படிப் பண்ணா அம்மாவுக்கு ஆபத்தில்லாம இருக்கும்?

உச்சிப்புளி பனங்காடு | ஞாயிறு காலை 7.40

வணக்கம். ஊரு உச்சிப்புளி பக்கம், கடலுக்கும் எங்க வீட்டுக்கும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். வீட்டுக்குப் பின்னாடி ஒரு 40 மீட்டர் தள்ளி தகரக் கொட்டகை போட்டிருக்கோம், பாதி ஆட்டுக்கு, மீதி பாதில மாமாவோட பழைய வலையும் தேங்காமட்டையும் கிடக்கு. பக்கத்துலயே கிணறு, அதுல 1 எச்பி மோட்டார், அத வச்சுதான் முருங்கைக்கும் மல்லி நாத்துக்கும் தண்ணி பாயுது.

இப்ப கரண்ட் எப்படிப் போகுதுன்னா, அடுப்படி பிளக்குலருந்து ஜன்னல் வழியா ரெண்டு கோர் வயர் ஒண்ணு, நாலு தென்னை ஒரு பனைன்னு கட்டிக் கட்டிப் போயி தகரத்துல ஒரு ஓட்டை போட்டு உள்ள நுழைஞ்சு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல முடியுது. மோட்டாரும் அதுலதான், பல்பும் அதுலதான். நாலு வருசமா இப்படியே ஓடிருச்சு.

போன வாரம் அம்மா விடியக்காலைல ஆட்டைப் பாக்கப் போயிருக்காங்க, ராத்திரி பனி நல்லா பெஞ்சு தரை ஈரம், செருப்பு போடமாட்டாங்க. கொட்டகைக் கதவைத் தொட்டதும் சுர்ருன்னு கையில ஏறிச்சாம், எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாங்க. அவங்க அத பெருசா எடுத்துக்கல, எனக்குத்தான் ரெண்டு நாளா தூக்கம் வரல. தெரிஞ்ச வயர்மேன் ஒருத்தரு வந்து பாத்துட்டு, வயரு பழசாகிருச்சு தம்பி, புது வயரா மாத்தி மரத்துல கட்டிவிட்டா சரியாப் போகும், 3500 ஆகும்ங்கறாரு. அது போதுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பாம்பன் வயர்மேன் | ஞாயிறு காலை 8.05

தம்பி, மொதல்ல எந்திரிச்சுப் போயி அந்த பிளக்கை அடுப்படில ஆஃப் பண்ணி உருவிப் போடு. போட்டுட்டு வந்து மிச்சத்தைப் படி. தண்ணி பாய்ச்சறதெல்லாம் ரெண்டு நாள் குடத்துல எடுத்து ஊத்திக்கலாம்.

அம்மாவுக்குக் கையில ஏறுனது எறும்புக்கடி இல்ல, தகரம் முழுக்க கரண்ட் நிக்குது. அன்னைக்கு கசிவு கம்மியா இருந்துச்சு, அதனால சுர்ருன்னு போச்சு. மழை பெஞ்சு மண்ணும் நனைஞ்சு காலும் நனைஞ்சு இருக்கறப்ப அதே கதவு வேற மாதிரி பேசும்.

26 வருசமா இந்த தீவுலயும் மண்டபம் பக்கமும் வயரிங் பண்றேன், லைசென்ஸ் உண்டு. உனக்கு வழி சொல்றேன், அதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் பாத்துச் சொல்லு. மீட்டர் பாக்ஸ் பக்கத்துல என்னென்ன இருக்கு? வெறும் எம்சிபி (அளவுக்கு மேல கரண்ட் ஓடுனா தானா விழற சுவிட்ச்) மட்டுமா, இல்ல டெஸ்ட்னு எழுதி ஒரு சின்ன பட்டன் வச்ச பெட்டி ஒண்ணு இருக்கா? ரெண்டாவது, எர்த் வயர் எங்க போயி எறங்குது, அது முழுசா இருக்கா? கையில எதையும் தொடாத, மெயினை எறக்கிட்டு கண்ணால மட்டும் பாரு.

உச்சிப்புளி பனங்காடு | ஞாயிறு காலை 9.20

அண்ணே உருவிட்டேன். மீட்டர் பக்கத்துல ரெண்டு பீஸ் கட்டை, அப்புறம் 16 ஆம்ப் எம்சிபி ரெண்டு. பட்டன் வச்சது எதுவும் இல்ல.

எர்த் வயர் குளிக்கிற ரூமுக்கு வெளிய ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப்புல போகுது. அதச் சுத்தி மண்ணை லேசா குச்சியால கிளறுனேன், கம்பி தானா கழண்டு விழுந்துருச்சு. பைப்போட வாய் அப்படியே பிஸ்கட் மாதிரி உதிருது, கம்பி நுனில பச்சையும் வெள்ளையுமா பொடி பூத்துக் கிடக்கு. எவ்வளவு நாளா இப்படி ஒட்டாம சும்மா இருந்துச்சோ தெரியல. வீடு கட்டுனப்ப போட்டது, 14 வருசம் ஆச்சு.

பாம்பன் வயர்மேன் | ஞாயிறு காலை 10.10

எதிர்பாத்ததுதான். இந்தப் பக்கம் பத்து வீட்டுல ஆறு வீட்டு எர்த் இப்படித்தான் பேருக்கு நிக்குது, பாக்கறதுக்கு பைப் இருக்கும், தொட்டா உதிரும். வாடைக்காத்து காலத்துல தண்ணி, கச்சான்னு சொல்ற மேல்காத்து காலத்துல உப்பும் மணலும், ரெண்டும் மாறி மாறி இரும்பைத் தின்னும். இதுல குழில உப்பையும் கொட்டி வைக்கிறாங்க பாரு, கரி உப்பு போடறது உள்நாட்டு செம்மண்ணுக்கும் பாறை மண்ணுக்கும் சொன்ன வழக்கம். நம்ம மண்ணுல உப்புக்கா பஞ்சம்? அது பைப்பைத்தான் சீக்கிரம் அரிக்கும்.

இப்ப எம்சிபி இருந்தும் ஏன் விழலைன்னு சொல்றேன், இத நல்லா புரிஞ்சுக்கோ, ஏன்னா முக்காவாசி பேரு எம்சிபி இருந்தா போதும்னு நம்பிட்டு இருக்காங்க. வயரு தகரத்துல உரசி பேஸ், அதாவது கரண்ட் வர்ற கம்பி, தகரத்தைத் தொட்டுருச்சுன்னு வை. அது மண்ணு வழியாத்தான் திரும்பிப் போகணும். உன் எர்த் நல்லா இருந்து அதோட தடை 20 ஓம்னே வச்சுக்கோ, 230ஐ 20ஆல வகுத்தா பதினொன்னரை ஆம்ப். 16 ஆம்ப் எம்சிபி அதுக்கு அசையவே அசையாது. வீட்டுல பேன் ஓடும், டிவி ஓடும், எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு நாம உக்காந்திருப்போம், அங்க தகரம் 200 வோல்ட்டுல நின்னுட்டு இருக்கும். எம்சிபி வயரு தீப்பிடிக்காம காப்பாத்துறதுக்கு. மனுசனைக் காப்பாத்துறதுக்கு இல்ல.

மனுசனுக்கு ஆர்சிசிபி, நான் கேட்டேனே அந்த டெஸ்ட் பட்டன் வச்ச பெட்டி. 30 மில்லி ஆம்ப்னு கேட்டு வாங்கணும், 100, 300ன்னும் கடைல இருக்கும், அது தீ விபத்துக்கு, ஆளுக்கு இல்ல. அது பண்றது ஒரே ஒரு வேலை, பேஸ்ல போனது நியூட்ரல்ல, அதாவது திரும்பற கம்பில, முழுசா வருதான்னு எண்ணிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப் குறைஞ்சாலே, அது உங்க அம்மா உடம்பு வழியா போனாலும் சரி ஈரச் செவுரு வழியா போனாலும் சரி, பட்டுன்னு விழுந்துரும். கசிவு பெருசா இருந்தா ஒரு செகண்டை இருவத்தஞ்சு பங்கு வச்சா அதுல ஒரு பங்கு நேரத்துக்குள்ள.

அதனால 3500 ரூவாய்க்கு புது வயரை அதே மரத்துல கட்டாத. ஆர்சிசிபி, எர்த், அதுக்கப்புறம் கேபிள், கடைசிலதான் பல்பு.

சாயல்குடி சம்சாரி | ஞாயிறு மதியம் 1.30

அண்ணன் சொல்றதுக்கு மறுப்பா பேசறேன்னு நெனைக்க வேணாம், ஆனா நடைமுறைல இந்த ஆர்சிசிபி பெரிய தொல்லைங்க. நான் தோட்டத்து வீட்டுல போட்டேன், மழை வந்தா விழுது, மோட்டார் போட்டா விழுது, இன்வெர்ட்டர் மாறுனா விழுது, ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்து பிரிட்ஜுல இருந்ததெல்லாம் கெட்டுப்போச்சு. வயர்மேனைக் கூப்பிட்டா கடைசில அத கழட்டி நேரா ஜாயின் பண்ணிக் குடுத்துட்டாரு, அதுலருந்து மூணு வருசமா நிம்மதியா இருக்கேன். நல்ல எர்த் போட்டா போதாதா? எங்க அப்பா காலத்துல இதெல்லாம் ஏது.

தொண்டி கரைவலை | ஞாயிறு மதியம் 3.15

சாயல்குடி அண்ணே, நான் இந்த மாதிரி இடத்துல அதிகம் எழுதறவன் இல்ல. உங்க பதிவைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல.

2019 ஐப்பசி மாசம், என் மச்சான், அக்கா வீட்டுக்காரர். வலைக்கொட்டகைல ஐஸ் பெட்டிக்கு ஒரு டேபிள் பேன் வச்சிருந்தாங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரைல கிடந்துச்சு. மழைத்தண்ணி உள்ள வந்துருச்சு. பாக்ஸை நகத்தி வைக்கலாம்னு குனிஞ்சு எடுத்திருக்காரு. சத்தம் கூட வரல. என் அண்ணன் பையன் பாத்துட்டு ஓடிப்போயி தோளைப் பிடிச்சு இழுத்திருக்கான், அவனும் அப்படியே சாஞ்சுட்டான். வீட்டுல அக்கா மெயினை எறக்குனதாலதான் பையன் பிழைச்சான். மச்சான் பிழைக்கல. வீட்டுல எம்சிபி இருந்துச்சு அண்ணே, ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் விழல.

ஆள் கரண்ட்டுல மாட்டிட்டா கையால தொடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த நேரத்துல நம்ம ஆளைப் பாத்தா கை தானா போகும். மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு வீட்டுல இருக்கற சின்னப் பிள்ளைக்கும் காட்டி வைங்க, எறக்கச் சொல்லிக் குடுங்க. எறக்குனதும் 108க்கு ஒருத்தரு போன் போட, மூச்சில்லன்னா இன்னொருத்தரு நெஞ்சு நடுவுல ரெண்டு கையும் வச்சு விடாம அமுக்கணும். எங்களுக்கு அன்னைக்கு அதுவும் தெரியாது.

பிரிட்ஜுல மீன் கெட்டுப் போனா போகட்டும் அண்ணே.

சாயல்குடி சம்சாரி | ஞாயிறு மாலை 5.50

தம்பி மன்னிச்சிரு. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. நான் மாட்டுறேன். ஆனா அது ஏன் விழுதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்க, இல்லன்னா திரும்பவும் எவனாவது வந்து கழட்டிட்டுத்தான் போவான்.

பெரியபட்டினம் துபாய் | ஞாயிறு இரவு 9.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் துபாய்ல 11 வருசமா எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ்ல இருக்கேன், சொந்த ஊரு பெரியபட்டினம். தொண்டி சகோதரருக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, அல்லாஹ் அந்தக் குடும்பத்துக்கு பொறுமையைக் குடுக்கட்டும்.

சாயல்குடி அண்ணே, நீங்க சொன்னதுலயே ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு இன்வெர்ட்டர். ஆர்சிசிபிக்கு அப்புறம் போற நியூட்ரலையும் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் நம்ம ஆளுங்க ஒரே கட்டா முறுக்கி வச்சிருவாங்க, அப்ப ஒரு வழியா போன கரண்ட் வேற வழியா திரும்பும், ஆர்சிசிபி கணக்கு இடிக்கும், விழும். அது ஆர்சிசிபி தப்பு இல்ல, வயரிங் தப்பு. இன்வெர்ட்டர் சர்க்யூட்டோட நியூட்ரலை தனியா பிரிச்சு, அதுக்குன்னு ஒரு ஆர்சிசிபி வைக்கணும்.

ரெண்டாவது மோட்டார். மோட்டார் போட்டா விழுதுன்னா மோட்டார்லயோ கிணத்துக்குள்ள போற கேபிள்லயோ நெசமாவே கசிவு இருக்கு. அத மெக்கர்னு கசிவு பாக்கற மீட்டர் வச்சுப் பாத்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும், 500 வோல்ட்டுல அடிச்சு ஒரு மெகா ஓமுக்குக் கீழ வந்தா அத ஓட்டக்கூடாது. உங்க ஆர்சிசிபி மூணு வருசத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட உண்மையத்தான் சொல்லிருக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல.

இன்னொண்ணு, வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி போட்டா எங்க கசிஞ்சாலும் எல்லாம் இருட்டாகும். வீட்டுக்கு ஒண்ணு, வெளிய போற லைனுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் போடுங்க. பிரிட்ஜ் பாட்டுக்கு ஓடும்.

உச்சிப்புளி தம்பி, உங்க 40 மீட்டருக்கு வயர் சைஸ் கணக்குப் போட்டீங்களா? இப்ப ஓடறது என்ன வயர்?

உச்சிப்புளி பனங்காடு | திங்கள் காலை 6.55

காக்கா, வயர் மேல 1 ஸ்கொயர்னு (கம்பியோட தடிமன், சதுர மில்லிமீட்டர்ல) இருக்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப ஒரு முக்கு முக்கும், பல்பு மங்கும், சில நாள் ரெண்டு மூணு தடவை போட்டாத்தான் எடுக்கும். கண்டென்சர் ரெண்டு தடவை மாத்திட்டேன். வோல்டேஜ் கம்மின்னு நெனச்சிட்டு இருந்தேன்.

பெரியபட்டினம் துபாய் | திங்கள் காலை 11.15

வோல்டேஜ் இபில கம்மி இல்ல, உங்க வயருல தொலையுது. 1 ஸ்கொயர் காப்பர் ஒரு மீட்டருக்கு 0.018 ஓம் சுமார். போக 40 வர 40, எம்பது மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஓம். மோட்டார் ஓடறப்ப 7 ஆம்ப் இழுத்தா 10 வோல்ட் போச்சு, அது பரவால்ல. ஆனா ஸ்டார்ட்டிங்ல அஞ்சு மடங்கு இழுக்கும், 35 ஆம்ப், அப்ப 50 வோல்ட் வயர்லயே போயிரும். மோட்டாருக்குப் போறது 180தான். முக்காம என்ன பண்ணும். வயரும் சூடாகும், சூடாகி மேல இருக்கற பிவிசி இளகும், அதுக்கப்புறம் தகரத்து ஓட்டைல உரசி வெட்டுப்படும், உங்க அம்மா கையில ஏறுன கரண்ட் அந்த வழியா வந்ததாத்தான் இருக்கும்.

4 ஸ்கொயர் போடுங்க, 2.5லயும் ஓடும், ஆனா நாளைக்கு ஒரு புல் வெட்டுற மெஷின் வைப்பீங்க. மூணு கோர், காப்பர், இரும்புக் கம்பி உறை போட்ட ஆர்மர்ட் கேபிள், மண்ணுக்குள்ள. மரத்துல கட்டுற பேச்சே வேணாம், தென்னை காத்துல ஆடுது, வயரு ஆடாது, கட்டுன எடத்துல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா அறுபடும். பனைலருந்து ஒரு காவோலை விழுந்தா போதும்.

பாம்பன் வயர்மேன் | திங்கள் இரவு 8.20

தம்பி துபாய் சரியா சொல்லிருக்காப்புல. நம்ம மண்ணுக்கு ஏத்த மாதிரி மிச்சத்தை நான் சொல்றேன்.

குழி ரெண்டரை அடி ஆழம். நம்மூருல மணல், தோண்டறது சுலபம், அதனாலயே சோம்பல்பட்டு ஒரு அடில போட்டு மூடிருவாங்க, அப்புறம் மம்பட்டி படும். அடில மணல் மெத்தை, கேபிள், மேல மறுபடி மணல், அது மேல செங்கலை வரிசையா அடுக்கணும், தோண்டறவன் மம்பட்டி செங்கல்ல முட்டுனதும் நிப்பாட்டுவான். தண்ணிக் குழாய் போற குழிலயே கேபிளையும் போடாதீங்க, குழாய் ரிப்பேருக்குத் தோண்டறவன் கேபிளை வெட்டுவான். எங்கிட்டு போகுதுன்னு வீட்டுச் செவுத்துல ஒரு படம் வரைஞ்சு வச்சிரு.

கேபிள் ஆர்மர் கம்பி ஜிஐதான், மேல் உறை கிழிஞ்சா உப்பு மண்ணு உள்ள போயி அதையும் தின்னுரும். இழுக்கறப்ப கல்லு முள்ளுல கிழிக்காம, ரெண்டு நுனிலயும் கேபிளை இறுக்கிப் பிடிக்கற பித்தளை கிளாண்ட், அது மேல ரப்பர் தொப்பி. ஆர்மரை வீட்டுப் பக்கம் எர்த்துல சேக்கணும். ஆர்சிசிபி வீட்டுப் பக்கம் இருக்கணும், கொட்டகைல இல்ல, அப்பத்தான் மண்ணுக்குள்ள கேபிள் அடிபட்டாலும் அது விழும். கொட்டகைல ஒரு ரெண்டு போல் ஐசோலேட்டர் வச்சா பேஸும் நியூட்ரலும் சேந்து கட்டாகும்.

எர்த். மணல்ல மேல அஞ்சு ஆறு அடி காஞ்சு கிடக்கும், அதுல எவ்வளவு பெரிய பைப் நட்டாலும் ஒண்ணுதான். போன வருசம் தங்கச்சிமடத்துல ஒரு வீட்டுல பழைய எர்த்தை மீட்டர் வச்சுப் பாத்தேன், 140 ஓம். அதே எடத்துல காப்பர் பூசுன ராடை ஒண்ணு மேல ஒண்ணு கப்ளிங் போட்டு ஈரம் தட்டுற வரைக்கும் எறக்குனோம், 6 ஓமுக்கு வந்துருச்சு. உப்புத்தண்ணி நமக்கு குடிக்கத்தான் ஆகாது, எர்த்துக்கு அது நல்லது. கிளாம்ப் போல்ட்டு எஸ்எஸ் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கேளு, 304 கூட இங்க செம்புள்ளி பிடிக்கும். ஜாயின்ட்டு மண்ணுக்கு மேல ஒரு சின்ன செங்கல் தொட்டிக்குள்ள இருக்கணும், வருசத்துக்கு ஒருக்கா தொறந்து பாக்கற மாதிரி. கொட்டகைக்கு தனியா ஒரு ராடு, தகரச் சட்டத்தையும் அதுல சேத்துரு.

எர்த் இல்லாம ஆர்சிசிபி மட்டும் வச்சா என்னன்னு கேப்பீங்க. அப்பவும் விழும், ஆனா ஆள் தொட்டு ஷாக் வாங்குன பிறகுதான் விழும். எர்த் இருந்தா தகரத்துக்கு கரண்ட் வந்த அந்த நொடியே விழும், யாரும் தொட வேண்டியதில்ல.

கீழக்கரை மாடித்தோட்டம் | செவ்வாய் காலை 10.40

நான் ஒரு சந்தேகம் கேக்கலாமா. எங்க வீடு கீழக்கரைல, அவுக சவுதில இருக்காக, நானும் மாமியும் பிள்ளைகளும்தான். மாடில செடி வச்சிருக்கேன், சின்ன பம்ப் வச்சு தண்ணி விடறேன். ஒரு மாசமா மாடிக் குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது, பம்ப் ஓடாதப்பவும் இருக்கு. டெஸ்டர் வச்சா மங்கலா எரியுது. வந்து பாத்த வயர்மேன் பிளக் பாயிண்டுல எர்த் வரலைன்னு சொல்லி உள்ளயே ஒரு சின்ன வயர் போட்டு நியூட்ரல்லருந்து எர்த்துக்கு ஜாயின் பண்ணிட்டாரு. அதுலருந்துதான் இப்படி இருக்குன்னு எனக்குத் தோணுது. சரியா?

பாம்பன் வயர்மேன் | செவ்வாய் காலை 11.05

தங்கச்சி, நீ நெனைக்கிறது நூத்துக்கு நூறு சரி. அந்த பம்ப்பை பிளக்குலருந்து உருவிரு, இனிமே போடாத. அந்தச் சின்ன வயர்தான் வினை. நியூட்ரல்ல எப்பவுமே கொஞ்சம் வோல்டேஜ் நிக்கும், அது இப்ப பம்ப் பாடி வழியா குழாய்க்கு வருது. இன்னைக்கு சுர்ருங்குது, அவ்வளவுதான். ஆனா என்னைக்காவது மீட்டர் பக்கத்துல நியூட்ரல் லூஸாகியோ போஸ்ட்ல அறுந்தோ போச்சுன்னா, வீட்டுல எரியற பல்பு, பேன் வழியா 230ம் திரும்பி வந்து அந்தக் குழாய்ல நிக்கும். காத்து காலத்துல நியூட்ரல் அறுந்து விழறது நம்ம பக்கம் அபூர்வம் இல்ல.

நீயா தொறந்து கழட்டாத. லைசென்ஸ் உள்ள வேற ஆளைக் கூப்பிட்டு அந்த ஜாயின்ட்டை எடுக்கச் சொல்லு, எடுத்துட்டு நெச எர்த் வயர் இழுக்கச் சொல்லு. அவரு இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது லாத்தான்னு சொன்னாருன்னா அவரு வேணாம், அடுத்த ஆளைப் பாரு.

கீழக்கரை மாடித்தோட்டம் | செவ்வாய் காலை 11.20

உருவிட்டேன் காக்கா. பிள்ளைகளை மாடிக்கே அனுப்பல.

மண்டபம் மணல்மேடு | செவ்வாய் இரவு 7.15

லைட்டைப் பத்தி யாரும் பேசலையே, நான் சொல்றேன். தோட்டத்து லைட்டுன்னதும் எல்லாரும் 50 வாட்ஸ் வெள்ளை ஃபிளட் லைட்டை ஒசரத்துல மாட்டி ஊருக்கே அடிக்க விடறாங்க. அதுல மேல வெளிச்சம், கால் கிட்ட நிழல். நம்ம பக்கம் மணல்ல ராத்திரி நடக்கறப்ப பயப்பட வேண்டியது சுருட்டை விரியனுக்குத்தான், அது ஒண்ணு ரெண்டு சாணு நீளத்துல மணல் கலர்லயே சுருண்டு கிடக்கும். அதனால பாதைக்கு முழங்கால் ஒசரத்துல சின்னச் சின்ன லைட்டா, வெளிச்சம் தரையப் பாத்து விழற மாதிரி வைங்க, அம்மா கால் வைக்கிற எடம் தெரியணும்.

அதுக்கு 230 வேணவே வேணாம். 12 வோல்ட் போதும். வீட்டுக்குள்ள 230ஐ 12ஆ எறக்கி மெயின் கரண்ட்டைத் தனியாப் பிரிச்சு வைக்கற நல்ல ஐசோலேட்டட் டிரைவர் ஒண்ணு வச்சு அங்கருந்து 12 வோல்ட்டை மட்டும் வெளிய எடுத்தா ஈரக் கையோட தொட்டாலும், ஆடு கடிச்சாலும், உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா 12 வோல்ட்டுல வயரு மெலிசா போட்டா கடைசி லைட்டு மங்கும், 30 மீட்டருக்கு 20 வாட்ஸ் லோடுன்னா 1 ஸ்கொயர்ல ரெண்டு வோல்ட் கிட்ட போயிரும், 2.5 போடுங்க, இல்ல 24 வோல்ட்டுக்குப் போங்க.

கலரு மஞ்சள், பெட்டில போட்டிருக்கற கெல்வின் நம்பர் 3000க்குக் கீழ. வெள்ளை வெளிச்சத்துக்கு பூச்சி அதிகமா வரும், பூச்சிக்கு பல்லி வரும், பல்லி ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள போயி ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல கருகிச் செத்துக் கிடக்கும், நான் கையால எடுத்துப் போட்டிருக்கேன்.

அப்புறம் கடலைப் பாத்து வீடு இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தை மாசத்துலருந்து பங்குனி சித்திரை வரைக்கும் பங்குனி ஆமை நம்ம கரைல ஏறி முட்டை போடுது, தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை அந்த முட்டையெல்லாம் எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கிறாங்க. பொரிச்ச குஞ்சு ராத்திரில எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல்னு நெனச்சு நடக்கும். உங்க ஃபிளட் லைட்டு கடலப் பாத்து இருந்தா குஞ்சு உங்க வேலிக்கு வரும், நாய்க்கும் காக்காய்க்கும் இரையாகும். லைட்டுக்கு மேல ஒரு தொப்பி போட்டு வீட்டுப் பக்கம் திருப்புங்க, தேவையில்லாதப்ப அணைங்க. நான் ஏழு வருசமா அந்தக் கரைல நடக்கறேன், குஞ்சு தடம் ரோட்டைப் பாத்துப் போறதப் பாத்தா வயிறு எரியும்.

உச்சிப்புளி பனங்காடு | மூணு வாரம் கழிச்சு, சனி இரவு 9.10

எல்லாரும் கேட்டீங்க, இப்பதான் முடிஞ்சுச்சு.

வேற வயர்மேனைப் பிடிச்சேன், லைசென்ஸ் உள்ளவர், பாம்பன் அண்ணன் எழுதுனதை பிரிண்ட் போட்டுக் குடுத்தேன், அவரு படிச்சுட்டு யாரு எழுதுனது, நல்லா தெரிஞ்ச ஆளுன்னாரு. குழி நானும் மாமா மகனும் ரெண்டு நாள்ல தோண்டிட்டோம். செங்கல் பழைய கொட்டில் இடிச்சது கிடந்துச்சு. கொட்டகைல பெட்டி எல்லாம் பிளாஸ்டிக், ஐபி 65 (தூசியும் பீய்ச்சற தண்ணியும் உள்ள போகாத ரகம்), நாலரை அடி ஒசரம். கேபிள் எல்லாமே பெட்டிக்கு அடிலருந்துதான் ஏறுது, ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு தொங்க விட்டிருக்கு, தண்ணி அந்த வளைவுல சொட்டிரும், உள்ள போகாது. மொத்தம் 27 ஆயிரம் ஆச்சு. அம்மா மொதல்ல இவ்வளவு காசான்னு கத்துனாங்க, தொண்டி அண்ணன் எழுதுனத படிச்சுக் காட்டினேன், அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல.

ஒரு விசயம். மொத மழைக்கே ராத்திரி ஆர்சிசிபி விழுந்துருச்சு. சாயல்குடி அண்ணன் சொன்னது ஞாபகம் வந்துச்சு, கழட்டிப் போடணும்னு தோணல. எல்லா எம்சிபியையும் எறக்கிட்டு ஆர்சிசிபியை ஏத்துனேன், நின்னுச்சு. ஒவ்வொண்ணா ஏத்துனேன், மோட்டார் எம்சிபியை ஏத்துனதும் விழுந்துச்சு. அத மட்டும் எறக்கி வச்சிட்டுப் படுத்துட்டேன். காலைல மெயினை எறக்கிட்டு மோட்டார் கண்டென்சர் பெட்டியைத் தொறந்தா உள்ள செவத்த எறும்பு கூடு கட்டி மண்ணு ஈரமா அப்பிக் கிடக்கு, டெர்மினல் மேலயே. நாலு வருசமா அது அங்கதான் இருந்திருக்கும். சுத்தம் பண்ணி காய வச்சு, மூடிக்கு புது ரப்பர் போட்டு, வயர் நுழையற ஓட்டையை கிளாண்ட் போட்டு அடைச்சாச்சு. அதுக்கப்புறம் விழல. மோட்டார் இப்ப ஒரே தட்டுல எடுக்குது.

சாயல்குடி சம்சாரி | சனி இரவு 10.00

நானும் மாட்டிட்டேன் தம்பி. மெக்கர் வச்சுப் பாத்ததுல கிணத்துக்குள்ள போற கேபிள், தண்ணி மட்டத்துக்கு ஒரு முழம் மேல, கல்லுல உரசி உள்ள இருக்கற காப்பர் தெரியுது. அந்தக் கிணத்துலதான் என் பேரன் வெயில் காலம் பூரா குளிச்சான். புது கேபிள் வாங்கியாச்சு, இன்வெர்ட்டர் நியூட்ரலும் பிரிச்சாச்சு. பழைய ஆர்சிசிபியையே திரும்ப மாட்டலாமா, இல்ல புதுசு வாங்கணுமா?

பாம்பன் வயர்மேன் | ஞாயிறு காலை 6.30

மூணு வருசம் பெட்டில கிடந்ததுதானே, மாட்டிட்டு டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, அடுத்து உங்க வயர்மேன்கிட்ட ஆர்சிசிபி டெஸ்டர் இருந்தா எத்தனை மில்லி ஆம்ப்ல விழுதுன்னு பாக்கச் சொல்லுங்க. 30க்கு மேல போனாலோ, ரெண்டாவது அமுக்குக்குத்தான் விழுதுன்னாலோ தூக்கிப் போட்டுட்டு புதுசு. அந்த பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை சோதிக்காது, அதையும் மனசுல வைங்க.

எல்லாரும் மாசம் ஒருக்கா அமுக்குங்க. அமுக்காம விட்டா உள்ள இருக்கற மெக்கானிசம் இந்த உப்புக்காத்துக்கு இறுகிப் போயிரும், தேவைப்படற அன்னைக்கு நகராது.

உச்சிப்புளி பனங்காடு | ஞாயிறு காலை 7.05

எங்க வீட்டுல அம்மாவே அமுக்கறாங்க அண்ணே. தேதி ஞாபகம் இருக்காதுன்னு அமாவாசைக்கு அமாவாசை வச்சிருக்காங்க, அன்னைக்கு வாசல் தெளிச்சுட்டு அப்படியே போயி அமுக்கிட்டு, வீடு இருட்டானதும் திரும்ப ஏத்திவிட்டு வர்றாங்க.

கீழக்கரை லாத்தா, உங்க குழாய் என்னாச்சு?

கீழக்கரை மாடித்தோட்டம் | ஞாயிறு காலை 9.45

ராமநாதபுரத்துலருந்து ஒருத்தரு வந்தாரு தம்பி. அந்தச் சின்ன வயரை எடுத்துட்டாரு, இன்னும் மூணு பிளக்குல அதே மாதிரி இருந்துச்சு, ஒண்ணு பிள்ளைக படிக்கிற ரூம்ல. எர்த் ராடு நாளைக்கு எறக்குறாங்க. அதுவரைக்கும் செடிக்கு வாளிலதான்.